புதுப்பிப்பு: பிக்கப்பின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றியபின்

சுமையின்றிச் செல்லும்போது என் பிக்கப்பின் பின்பகுதி தூக்கிப்போடுகிறது என்றும், ஷாக் அப்சார்பர்களை (குலுக்கலை அடக்கும், எண்ணெய் நிரப்பிய குழாய்களை) சீரமைப்பதா மாற்றுவதா என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். நேற்று அவற்றைக் கழற்றினோம்.

அவற்றின்மேல் மெல்லிய எண்ணெய் ஈரப்படலம் மட்டும் இருந்திருந்தால் விட்டிருப்பேன்; ஆனால் எண்ணெய் கீழ்வரை வழிந்து புழுதியோடு படிந்திருந்தது. நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை அழுத்தி இழுத்த பிறகும், திசை மாறும் இடத்தில், குழாய்க்குள் போய்வரும் தண்டு எதிர்ப்பே இன்றி நகர்ந்தது. இவை இரட்டைக் குழாய் வகை, அதாவது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் கொண்டவை. மேல்விளிம்பு மடித்து மூடப்பட்டிருப்பதால் பிரித்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மாற்ற வழியில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றினோம்.

சீரமைப்பு என்பது, பிரிக்கத்தக்கதாகச் செய்யப்பட்ட ஒற்றைக் குழாய் வகைக்கே பெரிதும் பொருந்தும்: அதில் சீலையும் எண்ணெயையும் மாற்றி, நைட்ரஜனை உரிய அழுத்தத்தில் மீண்டும் நிரப்பலாம். அப்போதும் தண்டின் குரோம் பூச்சில் கீறல் விழுந்திருந்தால், அது புதிய சீலையும் விரைவில் கிழித்துவிடும் என்பதால், தண்டையும் மாற்றியாக வேண்டும்.

வண்டி இப்போது ஒரே அசைவில் அடங்குகிறது. பின் டயர்கள் திட்டுத்திட்டாகத் தேய்ந்ததால் எழும் இரைச்சல் மட்டும் நீடிக்கிறது. அதைப் புதிய ஷாக் அப்சார்பர் போக்காது.