ஆஃப்-ரோடு டயர்: கடைசி ஒரு சாண் ஏற மாட்டேங்குது

கேள்வி:
பைக்கோட 18 இஞ்ச் பின்சக்கரம், டியூப், ஒரு ரிம் லாக் (டயர் ரிம்ல வழுக்காம அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்). முதல் பக்கம் ஏறிடுச்சு. ரெண்டாவது பக்கம் கடைசி ஒரு சாண் கல்லா நிக்குது. நீள லீவர் போட்டு அழுத்தலாமா?

பதில் 1:
வேண்டாங்க. பீடு (ரிம்ல உட்கார்ற டயர் விளிம்பு) உள்ள இருக்கிற கம்பி அறுந்தா டயரே வீண். இறுகுதுன்னா அந்த சாணுக்கு நேர் எதிர்ல, சக்கரத்தோட அந்த முனையில இருக்கிற பீடு ரிம்மோட நடுப்பள்ளத்துல இல்லைன்னு அர்த்தம். அங்க முழங்காலை ஊன்றிப் பள்ளத்துக்குள்ள தள்ளுங்க, இங்க தானா தளரும். லீவர்ல ஒரு தடவைக்கு 3-4 செ.மீ. போதும். பீடு முழுக்க கெட்டியான சோப்புத்தண்ணி தடவுங்க. கிரீஸ், ஆயில் பக்கமே போகாதீங்க, அப்புறம் ரிம்லயே டயர் வழுக்கும்.

பதில் 2:
எங்க முடிக்கிறீங்க? வால்வு பக்கம்தான் கடைசியா வரணும். வால்வு நேர் எதிர்ல இருந்தா, அங்க டியூபும் வால்வும் பள்ளத்தை அடைச்சுக்கும், பீடு இறங்காது. ரிம் லாக் நட்டை நுனி வரைக்கும் தளர்த்தி, லாக்கை உள்ள அமுக்குங்க. பீடு அதுக்கும் ரிம்முக்கும் நடுவுல போகணும். டியூப்ல வடிவம் வர்ற அளவுக்குக் கொஞ்சம் காத்து இருந்தா லீவர்ல சிக்காது.

பதில் 1:
ஆமா, அதை விட்டுட்டேன். காத்தடிச்சதும் டயர் பக்கவாட்டுல ரிம்மை ஒட்டி ஓடுற கோடு சுத்திலும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா காத்தை இறக்கி, மறுபடி சோப்பு தடவி அடிங்க; டயர்ல அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீங்க. பீடு உட்கார்ந்த பிறகுதான் ரிம் லாக்கை முறுக்கணும்.