புதுப்பிப்பு: மஞ்சளடித்த கத்தரிச் செடிகள் என்ன ஆயின?

ஆடிக் கடைசியில் இங்கே புலம்பியிருந்தேன். தாம்பரத்தை அடுத்த எங்கள் புது மனைப்பிரிவில், பூங்காவுக்கென விட்ட மூலையில் 11 குடும்பங்கள் சேர்ந்து போட்ட கத்தரி மஞ்சளடித்து நின்றது. "உரம் கொட்டாதீர்கள், முதலில் தோண்டிப் பாருங்கள்" என்றார் ஒருவர். அவருக்குக் கோடி நன்றி.

தோண்டினோம். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே செங்கல் உடைசல், இறுகிய சிமெண்டுக் கட்டி, பெயிண்ட் டப்பா மூடிகூட! சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிட்டால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாதாம். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது அதனால்தான். 2 அடி ஆழத்துக்கு அள்ளிவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பினோம். முதுகு இன்னும் வலிக்கிறது.

புரட்டாசியில் மறு நடவு. ஐப்பசி மழைக்குப் பயந்து மேட்டுப்பாத்தி. இடையில் தண்டுத் துளைப்பான் (இளந்தண்டைக் குடையும் புழு) வந்தது. வாடிய நுனிகளைக் கிள்ளி எரித்தோம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தோம்.

கார்த்திகையில் முதல் பறிப்பு: மொத்தம் 4 கிலோ. போட்ட செலவுக்குக் கோயம்பேட்டில் ஒரு மூட்டையே வாங்கியிருக்கலாம். ஆனால் 14 வருடம் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டவள் நான். எனக்குக் கணக்கு வேறு. எங்கள் பங்குக்கு வந்த ஏழு காயையும் மாமியார் தாம்பாளத்தில் அடுக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். இன்னும் சமைக்க விடவில்லை.