டிஓ கல்லூரி நேர்காணல்: உள்ளே என்ன கேட்டார்கள்?

போன சீசனில் அமெரிக்காவின் டிஓ கல்லூரிகளில் நேர்காணலுக்கு உட்கார்ந்தவன் நான். டிஓ என்பது, தசையையும் எலும்பையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதியையும் சேர்த்துப் படிக்கிற டாக்டர் பட்டம்; அங்கே வழக்கமான டாக்டர் பட்டம் எம்டி. எம்டி இருக்கும்போது ஏன் டிஓ? இந்தக் கேள்வி எங்கேயும் தப்பவில்லை. "நோயாளியை முழு மனிதராகப் பார்க்கும் மருத்துவம்" என்பது எல்லோரும் ஒப்பிக்கிற பதில். "அப்போ எம்டி டாக்டர்கள் துண்டு துண்டாகவா பார்க்கிறார்கள்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே மடக்கினார். நியாயம்தானே.

எனக்குக் கைகொடுத்தது ஷேடோயிங்தான், அதாவது ஒரு டிஓ டாக்டர் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்த்தது. முதுகுவலியோடு வந்த லாரி டிரைவரை அந்த டிஓ டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் ஒரு காலை மெல்லத் தூக்கினார். இதற்கு மேல் வராது என்ற இடத்தில் நிறுத்தி, "என் தோளைக் காலால் கீழே அழுத்துங்க" என்றார். நாலைந்து நொடி கழித்து விடச் சொன்னதும் கால் இன்னும் கொஞ்சம் மேலே போனது. திரும்பத் திரும்ப அதே மாதிரி. மஸில் எனர்ஜி என்கிறார்கள் இதை. கையோடு அவருடைய பிபி மாத்திரை அளவையும் மாற்றி எழுதினார். இதைச் சொன்ன பிறகு அவர்களே கேள்வித்தாளை ஓரம் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் அடுத்த கேள்விக்கும் தயாராகப் போங்கள்: இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா? அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பின் 2017 வழிகாட்டுதல், இடுப்பு முதுகுவலிக்கு ஸ்பைனல் மேனிபுலேஷனையும் (முதுகெலும்பைக் கையால் அழுத்தி அசைப்பது) ஒரு வழியாகச் சொல்கிறது, சான்று வலுவானதல்ல என்ற குறிப்போடு. மண்டையோட்டைத் தொட்டுச் செய்கிற கிரேனியல் முறைக்கு அந்த அளவுகூட ஆதாரம் கிடையாது. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

* * *

அண்ணா சொன்னதோடு எம்எம்ஐ (ஒன்றன்பின் ஒன்றாகப் பல குட்டி நேர்காணல்கள்) பற்றி நானும் கொஞ்சம். ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார்கள், யோசிக்க ஓரிரு நிமிடம், அப்புறம் பேச வேண்டும், மணி அடித்ததும் அடுத்த ஸ்டேஷன். எனக்கு வந்ததில் ஒன்று: லேபில் கூடப் படிக்கிறவன் டேட்டாவை மாற்றியது உனக்குத் தெரியும், என்ன செய்வாய்? உடனே தீர்ப்பு சொல்லாமல், முதலில் அவனிடமே கேட்பேன் என்று ஆரம்பித்தேன். ஜூமில் நடந்தால் திரையை விட்டு கேமராவைப் பார்த்துப் பேசப் பழகுங்கள், பார்க்க எளிது, செய்யக் கஷ்டம்.

வரலாறு பெரிதாகக் கேட்கவில்லை. ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1892-இல் மிசோரியின் கிர்க்ஸ்வில்லில் அவர் திறந்த முதல் கல்லூரி, அது போதும். 1962 வாக்கில் கலிஃபோர்னியாவில் டிஓக்கள் 65 டாலர் கட்டி எம்டி பட்டம் வாங்கிக்கொண்ட கதையை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். "ஏன் டிஓ" கேள்விக்கு அதைவிடச் சுவாரசியமான பின்னணி கிடையாது.

* * *

தம்பிகளா, நான் மகளை அனுப்பிய அம்மா. "டிஓன்னா முழு டாக்டரா?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. 50 மாநிலத்திலும் முழு லைசென்ஸ் உண்டு, 2020-லிருந்து ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகான ஆஸ்பத்திரிப் பயிற்சி) அங்கீகாரமும் எம்டியோடு ஒன்றாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

கடைசியில் "உனக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்களே, அங்கே என் மகள் கேட்டது: மூன்றாம் வருட ரொட்டேஷன் (ஆஸ்பத்திரியில் துறை துறையாகப் பயிற்சி) எந்த ஊரில்? பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இல்லை. இரண்டு வருடம் ஒரு ஊரில் படித்துவிட்டு, வேறு மாநிலத்துக்கே வீடு மாற வேண்டியிருக்கும். அங்கே இடத்தை மாணவர் தேர்ந்தெடுக்கலாமா, குலுக்கலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.