மரக் கோமாளியும் "குடுத்து வச்ச" பிள்ளைங்களும்

ஏணிமேல்_கோமாளி:
நியூஜெர்சில ஒரு பழைய வீட்ட காலி பண்ணி சாமானெல்லாம் வித்தாங்க, போனா ஷோன்ஹட்ங்கற பொம்மைக் கம்பெனியோட மரக் கோமாளி ஒண்ணு மாட்டுச்சு! ஃபிலடெல்ஃபியால 1903ல ஆரம்பிச்சு 1935ல கம்பெனி திவாலாகுற வரைக்கும் போட்ட ஹம்ப்டி டம்ப்டி சர்க்கஸ்ங்கற பொம்மை செட்ல வர்றவன். தலை, கை, கால் எல்லாம் தனித்தனி மரம், உள்ள எலாஸ்டிக் கயிறு இழுத்துப் புடிச்சிருக்கும், எப்படி வளைச்சாலும் அப்படியே நிப்பான். கையிலயும் பாதத்துலயும் ஒரு வெட்டு இருக்கு, அத ஏணிப்படில மாட்டிவிட்டா தலைகீழா தொங்குறான். பேட்டரி இல்ல, சத்தம் இல்ல. அந்தக் காலத்துப் பிள்ளைங்க குடுத்து வச்சவங்கப்பா, நம்ம வீட்டு வாண்டுக்கு டேப்லெட்ட விட்டா என்ன தெரியுது.

கரித்துண்டு:
எந்தப் பிள்ளைங்க சார்? ஃபிலடெல்ஃபியா இருக்குற அதே பென்சில்வேனியா மாநிலத்துல, பிட்ஸ்டன்ல, குழந்தைத் தொழிலாளிங்கள போட்டோ எடுத்த லூயிஸ் ஹைன் 1911ல எடுத்த போட்டோவப் பாருங்க. சரிஞ்சு வர்ற நிலக்கரிக்கு மேல சின்னப் பசங்க வரிசையா குனிஞ்சு உக்காந்து கல்லப் பொறுக்குறானுங்க, மூஞ்சி பூரா கரி. அவனுக்கு சர்க்கஸ் யானைய யாரு வாங்கிக் குடுத்தா?

மரத்தூள்_அக்கா:
தம்பி, கோவப்படாதீங்க. முழு செட்டும் ஒரேயடியா வாங்கணும்னு இல்ல, கோமாளி ஏணி நாற்காலின்னு சின்னதா ஆரம்பிச்சு அப்புறம் ஒவ்வொண்ணா சேத்துக்கலாம், அப்படித்தான் வித்தாங்க.

கரித்துண்டு:
அது வியாபார மூளைக்கா! அமெரிக்க அதிபரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909ல ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனா அவரையும் பொம்மையாக்கி வித்த ஆளுங்க. பொம்மை அருமை, நான் இல்லேங்கல. அத வச்சு அந்தக் காலமே சொர்க்கம்னு பேசுறதுதான் எரிச்சலா இருக்கு.

ஏணிமேல்_கோமாளி:
சரி, எல்லாரையும் சேத்து சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இவன் வலது கை வெட்டுல மட்டும் பெயின்டே இல்ல, மரம் வழவழன்னு தேஞ்சிருக்கு, இடது கை புதுசு மாதிரி இருக்கு. யாரோ ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப அந்த ஒரே கையில தொங்கவிட்டிருக்கு.

மரத்தூள்_அக்கா:
அந்தக் கையில புது பெயின்ட் அடிச்சிடாதீங்க! எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிருந்தா மாத்திக்கலாம், அது எப்படியும் நைஞ்சுபோற சாமான்தான்.

கரித்துண்டு:
பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம் சார், வாண்டு வாயில வைக்காம பாத்துக்கோங்க. அப்புறம் தொங்குற போட்டோ ஒண்ணு போடுங்க.