பழைய புக்கிட் தீமா பந்தயத் திடலில் 20,000 வீடுகள்: வேண்டுமா, வேண்டாமா? புனைபெயரில் எழுதும் நால்வரின் விவாதம்

மழைமரம்

சிங்கப்பூரில், புக்கிட் தீமாவின் பழைய குதிரைப் பந்தயத் திடலில், அதாவது நாம் டர்ஃப் சிட்டி என்று அழைக்கும் 176 ஹெக்டேர் நிலத்தில், 15,000 முதல் 20,000 வீடுகள் வரை கட்டப்படும் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2024ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. பேட்டை முழுமையாக உருவாக 20 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். 1999இல் பந்தயக் குதிரைகள் கிராஞ்சித் திடலுக்குப் போன பிறகு, அந்த இடத்தில் காற்பந்துத் திடல்களும், பழைய கார் விற்பனை நிலையங்களும், பேரங்காடியும், குழந்தைகளுக்கான வகுப்புகளும் கால் நூற்றாண்டு நடந்து வந்தன. 2023 இறுதியோடு வாடகைக்கு இருந்த கடைக்காரர்கள் வெளியேறினார்கள். எனவே "சும்மா கிடக்கும் நிலம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சும்மா கிடக்கும்படி செய்தது நாம்தானே.

நான் இந்த வட்டாரத்தில் 22 ஆண்டுகளாக வசிக்கிறேன். நடுவில் கால்வாய் ஓட, அதன் இரு கரைகளிலும் புக்கிட் தீமா சாலையும் டனர்ன் சாலையும் போகின்றன. பள்ளிக்கூட நாள்களில் காலை ஏழு மணிக்கு அவற்றில் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. திட்டத்தின் உச்ச எண்ணிக்கையை நிலப்பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 114 வீடுகள் வருகின்றன. புதிய நகரமான தெங்காவில் 700 ஹெக்டேருக்கு 42,000 வீடுகள், அதாவது ஹெக்டேருக்கு 60தான். தாழ்ந்த வீடுகளும் மரங்களும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் புதிய நகரத்துக்கு ஒதுக்கியதைப் போல் இருமடங்கு நெருக்கம் எதற்கு? பக்கத்திலேயே எங் நியோ அவென்யூ காடு இருக்கிறது. தீவு விரைவுச்சாலைக்கு அப்பால் இருக்கும் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு இதுதான் இந்தப் பக்கத்துத் திண்ணை. பறவைகள் இளைப்பாறும் இடம். அதன் ஓரத்தில் கட்டுமானம் தொடங்கினால் திரும்பப் பெற முடியாது.

வரிசை எண் 2841

ஐயா, நான் வைத்திருக்கும் புனைபெயர் சென்ற முறை பிடிஓ (முன்பதிவுக்குப் பிறகு கட்டப்படும் அரசு வீடுகள்) குலுக்கலில் எங்களுக்குக் கிடைத்த எண். நாங்கள் விண்ணப்பித்த பேட்டையில் விற்பனைக்கு வந்தவை சில நூறு வீடுகள். நானும் என் கணவரும் நான்கு முறை விண்ணப்பித்துவிட்டு, இன்னமும் சுவா சூ காங்கில் மாமியார் வீட்டின் ஓர் அறையில் இருக்கிறோம். இதைப் புலம்பலாக எழுதவில்லை; இந்த விவாதத்தில் யார் எங்கே நின்று பேசுகிறோம் என்பது தெரிந்திருப்பது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நிலம் 1998ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்திலிருந்தே குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது. அது இடைக்காலத்துக்கு மட்டும் வாடகைக்கு விடப்பட்டது என்பது திடல்காரருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். நீங்கள் 22 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வீடு வாங்கியபோது, எதிரே உள்ள நிலம் என்னவாகப் போகிறது என்பது வரைபடத்திலேயே இருந்தது. ஆறாம் அவென்யூ ரயில் நிலையம் 2015 இறுதியில் திறந்தது. குறுக்குத் தீவு ரயில் பாதையில் டர்ஃப் சிட்டி என்ற பெயரிலேயே ஒரு நிலையம் 2032இல் வரவிருக்கிறது. இரண்டு நிலையங்களைக் கட்டி, சுற்றிலும் புல்லை வளர்த்து வைப்பதா நிலச் சிக்கனம்?

தெங்கா கணக்கும் பொருந்தாது. அந்த 700 ஹெக்டேருக்குள் 100 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட வன வழித்தடம் அடக்கம். பிடாடாரியை எடுத்துப் பாருங்கள்: பழைய இடுகாடு, 93 ஹெக்டேர், ஏறக்குறைய 10,000 வீடுகள். ஹெக்டேருக்கு 108 ஆகிறது. கெப்பல் கோல்ஃப் திடலில் 48 ஹெக்டேருக்கு 9,000 வீடுகள், அதாவது 188 வருகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் புக்கிட் தீமாவுக்குச் சலுகைதான் காட்டியிருக்கிறார்கள்.

ஏறக்குறைய 40 ஆண்டுகளில் முதன்முறையாகப் புக்கிட் தீமாவில் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரப்போகின்றன. இந்த ஒரு வரியை உங்கள் பதிவில் தேடினேன், காணவில்லை.

மழைமரம்

அம்மா, உங்கள் காத்திருப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் 1998இல் வரைபடத்தில் ஒரு நிறம் தீட்டினார்கள் என்பதால் விவாதம் முடிந்துவிட்டது என்பதை ஏற்க மாட்டேன். டோவர் காடும் 2003இலிருந்து குடியிருப்பு நிலம்தான். 33 ஹெக்டேர். 2021இல் மக்கள் கருத்துச் சொன்ன பிறகு, கிழக்குப் பாதியில் மட்டும் முதலில் கட்டுவது, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடாமல் விடுவது என்று திட்டத்தை மாற்றவில்லையா? வரைபடத்தில் இருப்பது அரசின் எண்ணம். எண்ணம் மாறலாம் என்பதற்காகத்தான் பெருந்திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கிறார்கள்.

கால்வாய்க்கரை

வடிகால் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இருவருக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் இருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. 2021 ஏப்ரல் 17ஆம் தேதி பெய்த மழையில் புக்கிட் தீமா கால்வாய் நிரம்பி, டனர்ன் சாலையில் கார்கள் தண்ணீரில் நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இந்தத் திடல் அந்தக் கால்வாயின் மேட்டுப் பக்கத்தில் இருக்கிறது. புல்லும் மண்ணும் குடித்துக்கொண்டிருந்த மழையைக் கூரையும் தார்ச் சாலையும் குடிக்காது. ஒரே நேரத்தில் கீழே அனுப்பும்.

ஆனால் இதை வைத்து "கட்டவே கூடாது" என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. 2014 முதல் 0.2 ஹெக்டேருக்கு மேற்பட்ட எந்தப் புதிய மேம்பாடும் தன் நிலத்திலேயே மழைநீரைத் தேக்கிவைத்து, உச்ச வெளியேற்றத்தைக் குறைத்து, மெதுவாக வடிகாலுக்குள் விட வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. இன்று அங்கே இருக்கும் பழைய கார் நிறுத்துமிடங்களுக்கும் பார்வையாளர் மாடங்களின் கூரைகளுக்கும் அந்த விதி கிடையாது. ஒழுங்காகச் செய்தால், கட்டிய பிறகு கீழே வரும் வெள்ளம் இப்போது வருவதைவிடக் குறையவும் கூடும். இங்கே சிக்கல் வேறு. மனை மனையாக 30 ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டுமானக்காரரும் தன் மனைக்குத் தொட்டி வெட்டி விதியை நிறைவேற்றிவிடுவார். பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவான ஒரு குளம் வராது. பிடாடாரியில் பூங்காவுக்குள் அல்காஃப் ஏரியை முதலிலேயே திட்டமிட்டதால்தான் அது மழைநீரைத் தேக்கவும் மக்கள் உட்காரவும் பயன்படுகிறது. கேட்க வேண்டியது அதை.

இன்னொன்று. அந்தப் புல்வெளியை ஆதிகாலத்துக் காடு போல் பேசுகிறோம். பந்தயத் திடலுக்கு முன்பு அது ரப்பர் தோட்டம்.

பழைய லாயம்

என் தாத்தா அங்கே குதிரைக்காரராக இருந்தார். ஃபேரர் பார்க்கில் இருந்த பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறிய காலத்தில் அவரும் குதிரைகளோடு வந்தார் என்று பாட்டி சொல்வார். விடியலுக்கு முன் எழுந்து குதிரையைக் குளிப்பாட்டி, நடக்க வைத்து, காலில் கட்டுப்போட்ட மனிதர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். பந்தயம் என்றால் பந்தயம் கட்டியவர்களும் குதிரைச் சொந்தக்காரர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். சாணம் அள்ளியவர்கள் வருவதில்லை.

பார்வையாளர் மாடங்களைக் காப்பாற்றுவது குறித்து ஆராய்கிறார்கள் என்பது நல்ல செய்தி. எனக்கு உள்ள கேள்வி, மாடம் மட்டும் போதுமா என்பது. மாடம் பந்தயத்தைப் பார்த்தவர்களின் இடம். லாயமும் வேலையாள் குடியிருப்பும் வேலை செய்தவர்களின் இடம். ஃபேரர் பார்க்கில் முதல் பந்தயத் திடல் இருந்த இடத்தில் மிஞ்சியது ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரும், பிள்ளைகள் விளையாடிய திடலும்தான். அந்தத் திடலிலும் 1,600 வீவக வீடுகள் வருகின்றன. இரண்டாவது திடலும் இப்போது வீடாகிறது. கிராஞ்சியிலும் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்தது, அந்த நிலமும் திரும்பப் போகிறது. நான் வீடு கட்டுவதை எதிர்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் கல்யாணமாகி இடம் தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தெருவுக்காவது அந்த வேலையாள்களை நினைவூட்டும் பெயரை வையுங்கள், ஒரு லாயத்தையாவது இடிக்காமல் விடுங்கள் என்கிறேன்.

மழைமரம்

லாயக்காரருக்கு என் வணக்கம். இவ்வளவு நாள் அந்தப் பக்கம் நடந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

கால்வாய்க்கரை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். என் கணக்கில் தெங்காவைத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சாதகமாகத்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2841 அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2025இல் டனர்ன் சாலையை ஒட்டி முதலில் ஏலத்துக்கு வந்த மனை தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கானது. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கும் மனை. உங்களைப் போன்றவர்களைக் காட்டி நியாயம் பேசிவிட்டு, முதல் சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்று பார்த்தீர்களா?

வரிசை எண் 2841

பார்த்தேன். வயிறு எரிந்தது. மறைக்கவில்லை.

ஆனாலும் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவும் நான் எடுக்கும் முடிவும் வேறு. தனியார் மனை முதலில் போனதால் திட்டத்தையே நிறுத்து என்றால், அடுத்து வரவேண்டிய வீவக வீடுகளும் சேர்ந்து நின்றுவிடும். அப்போது அந்த வட்டாரம் இன்று இருப்பது போலவே, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கும். விலை எட்டுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. 2024 அக்டோபரில் வந்த முறையில், இப்படிப்பட்ட இடத்து வீடுகள் பிளஸ் அல்லது பிரைம் வகையில் விழும். கூடுதல் மானியம் தருவார்கள், பதிலுக்குப் பத்து ஆண்டுகள் அங்கேயே வசிக்க வேண்டும், பிறகு விற்றால் மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. சிலர் இதைத் தண்டனை என்கிறார்கள். குடியிருக்க வீடு கேட்பவளுக்கு இதில் என்ன தண்டனை? விற்று லாபம் பார்க்க நினைப்பவருக்குத்தான் வலிக்கும்.

சாலை நெரிசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் புக்கிட் தீமா சாலையில் நிற்கும் கார்களில் பல அந்த வட்டாரத்துக்குப் பள்ளிக்கூடம் தேடி வெளியிலிருந்து வருபவை. அருகிலேயே குடியிருக்கும் பிள்ளை நடந்து போகும்.

கால்வாய்க்கரை

கடைசி வாக்கியத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள், அம்மா. 2032 வரை குறுக்குத் தீவுப் பாதை இல்லை. அதற்கு முன் குடியேறுபவர்கள் ஆறாம் அவென்யூ நிலையத்தையும் பேருந்தையும்தான் நம்ப வேண்டும். உட்புறத்து மனைகளுக்கு அந்த நிலையம் நல்ல தூரம். முதல் சில ஆண்டுகள் கார் வாங்கிப் பழகியவர்கள் பிறகு அதை விடுவதில்லை. கட்டுமானத்தை ரயிலின் தேதியோடு இணைக்க வேண்டும் என்பதுதான் நியாயமான கோரிக்கை.

மழைமரம்

சரி. நான் "வேண்டாம்" என்று தொடங்கியவன். அதை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். எங் நியோ பக்கம் உள்ள ஓரத்தில் ஓர் அகலமான பட்டையைக் கட்டிடமில்லாமல் விட வேண்டும். புதிய ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள மனைகளை, தனியாருக்கு இன்னொன்று விற்பதற்கு முன், வீவகவுக்கு ஒதுக்க வேண்டும். பள்ளத்தாக்குக்குப் பொதுவான குளம். ஒரு லாயம். இவற்றை எழுதி ஆணையத்துக்குக் கருத்தாக அனுப்பப் போகிறேன். கையெழுத்திடுவீர்களா?

வரிசை எண் 2841

குளத்துக்கும் லாயத்துக்கும் கையெழுத்திடுகிறேன். நிலையத்தைச் சுற்றி வீவக என்பதற்கு இரண்டு கையெழுத்து, என் கணவருடையதையும் சேர்த்து. அந்தப் பட்டைக்கு மட்டும், அது எத்தனை மீட்டர் அகலம், அதனால் எத்தனை வீடுகள் குறையும் என்று எழுதிக் காட்டுங்கள். குறையும் எண்ணிக்கை தனியார் மனையிலிருந்து போகுமா, என் வரிசையிலிருந்து போகுமா என்று தெரிந்த பிறகு சொல்கிறேன்.