பழைய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி, வாங்கலாமா?

அண்ணாமாரே, ஹட்டனில் ஒருவரிடம் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட்ட கிட்டார் பெட்டி விலைக்கு இருக்கிறது, நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் இரண்டும் செலஸ்டியன் வின்டேஜ் 30, தலா 60 வாட், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டிதான் யோசிக்க வைக்கிறது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் பக்கங்கள் பிளைவுட், ஆனால் ஸ்பீக்கர் பூட்டிய முன்பலகை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., அதன் கீழ் ஓரம் தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பியிருக்கிறது. எங்கள் பக்கத்து மழையும் பனியும் தெரியும்தானே. திரும்பப் பூட்டித் தடித்த ஈ தந்தியை அடித்தால் கரகரவென்று ஓர் அதிர்வு, பின்பலகையைக் கையால் அழுத்தினால் நின்றுவிடுகிறது. திருகாணி தளர்ந்ததா, ஒட்டு விட்டதா? முன்பலகையை மட்டும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மாற்றினால் சத்தம் எவ்வளவு மாறும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் கொடுக்க வேண்டும்.