நூலாக மெலிந்து நீண்டுவிட்ட கத்தரி நாற்றுகள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் மே நடுப்பகுதி வரை உறைபனி அச்சம் இருப்பதால், மார்ச் மாதத்திலேயே வீட்டின் நிலக்கீழ் அறையில் எல்.ஈ.டி. விளக்கின் கீழ் தக்காளியும் கத்தரியும் விதைத்தேன். முளைத்த 10 நாட்களில் அவை நூல்போல் மெலிந்து, வித்திலைகளுக்கு (முளைத்ததும் முதலில் விரியும் இரு இலைகள்) கீழே தண்டு மட்டும் 3 அங்குலம் நீண்டு, தண்ணீர் தெளித்தாலே சாய்ந்துவிடுகின்றன. விளக்கை 2 அடி உயரத்தில் தொங்கவிட்டதும், முளைவிட்ட பின்னும் அடியிலிருந்த சூடேற்றும் விரிப்பை அகற்றாமல் விட்டதுமே காரணம் என்று எண்ணுகிறேன். வெளிச்சம் குறைந்து வெப்பம் மிகுந்தால் நாற்று ஒளியைத் தேடித் தண்டைத்தானே நீட்டும். இப்போது விரிப்பை எடுத்துவிட்டு, விளக்கை 6 அங்குலத்துக்கு இறக்கி, நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரியவிடுகிறேன். தண்டு உறுதிப்பட ஒரு சிறு மின்விசிறியும் மெல்லச் சுழல்கிறது.

தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர்விடும் என்பதால், அதை வித்திலை வரை ஆழமாக நட்டுவிடலாம். என் கவலையெல்லாம் கத்தரியைப் பற்றியதே. சென்ற கோடையில் நன்றாகக் காய்த்த செடியிலிருந்து நானே எடுத்துக் காயவைத்த விதை அது. மீண்டும் விதைக்க ஒன்றுகூட மிச்சமில்லை. கத்தரி நாற்றையும் அவ்வாறு ஆழப் புதைத்தால் தண்டு அழுகிவிடுமா, அல்லது குச்சி நட்டுத் தாங்கலாகக் கட்டி, வித்திலைகளுக்கு அடுத்து விரியும் உண்மை இலைகள் வரும்வரை பொறுத்திருப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.